காலடியில் கிடக்கும் கோடைப் பானம்

பங்குனி தொடங்கி வைகாசி வரை ஆண்டிமடம் பகுதி முந்திரித் தோப்புகளில் பழம் மிதிபட்டு அழுகுகிறது. அதே மாதங்களில்தான் ஊரெங்கும் கல்யாணம், காதுகுத்து, தீமிதி. வீணாகும் அந்தப் பழத்தை வீட்டு விசேஷத்தின் முதல் டம்ளராக மாற்றுவது எப்படி?

சித்திரை மாதம், பொழுது புலரும் நேரம். ஆண்டிமடத்திலிருந்து வண்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் கொஞ்ச தூரத்தில் அந்த வாசனை வந்துவிடும். பழுத்த முந்திரிப்பழம் செம்மண்ணில் விழுந்து, சூடேறி, புளிக்கத் தொடங்கும் வாசனை. தோப்புக்குள் பெண்கள் குனிந்தபடி நகர்ந்துகொண்டிருப்பார்கள். கீழே கிடக்கும் பழத்தை எடுப்பார்கள். கொட்டையைத் திருகிக் கூடையில் போடுவார்கள். பழத்தை அங்கேயே விட்டெறிவார்கள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் கொட்டை வீடு போய்ச் சேர்ந்துவிடும். பழம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் எறும்புக்கும் மிச்சம்.

ஒரு கிலோ கொட்டை பொறுக்கினால் அதோடு சேர்ந்து 5 முதல் 10 கிலோ வரை பழமும் கைக்கு வருகிறது. அத்தனையும் தோப்பிலேயே கிடந்து மறுநாள் கூழாகிறது. பறித்த ஒரு நாளிலேயே கெட்டுவிடும் பழம் இது. அதனால் சந்தைக்குப் போவதில்லை, கடையில் தொங்குவதில்லை. சென்னையில் வளரும் பிள்ளைகளில் பலர் முந்திரிக்கு ஒரு பழம் உண்டு என்பதையே அறியாமல் பாயசத்தில் முந்திரியைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே நாளில், அதே ஊரில், கல்யாண மண்டப வாசலைப் பாருங்கள். சந்தனம், கல்கண்டு தாண்டி உள்ளே நுழைந்ததும் சமையல் காண்டிராக்ட்காரர்கள் ‘வெல்கம் டிரிங்க்’ என்று சொல்லும் டம்ளரை நீட்டுகிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர், எசென்ஸ், ஒரு பச்சை அல்லது ஆரஞ்சு நிறம். சில கிலோமீட்டர் தள்ளி உண்மையான பழச்சாறு மண்ணில் வழிந்துகொண்டிருக்க, இங்கே பழத்தின் பெயரால் நிறத்தைக் குடிக்கிறோம். இந்தச் செம்மண்ணில் வளர்ந்தவன் என்ற முறையில் இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

ஐந்து பொருள், ஒரு பானம்

பழச்சாறு, புளிப்பு, இனிப்பு, நீர், வாசனைப் பொருள் என்று கலந்து, பெரிய பாத்திரத்தில் வைத்து, கூடியிருப்பவர்கள் எல்லோரும் மொண்டு குடிக்கும் பானத்தை உலகம் ‘பஞ்ச்’ என்கிறது. நட்சத்திர ஓட்டல் அயிட்டம் என்று நாம் நினைக்கும் இந்தப் பானம் பிறந்தது நம் கடலோரங்களை ஒட்டிய வியாபாரத்தில்தான்.

ஆங்கிலத்தில் இதைப் பற்றிக் கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்பு 1632-ம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரர் ஒருவர், பெட்டபோலியில் இருந்த கம்பெனி வணிகருக்கு எழுதியது அது. பெட்டபோலி என்பது இன்றைய ஆந்திரத்தின் நிஜாம்பட்டினம். நம் சோழமண்டலக் கரையின் வடக்கு நீட்சி. கப்பலில் வந்த வெள்ளைக்காரர்களுக்கு அவர்கள் ஊர் பீரும் ஒயினும் இந்த வெப்பத்தில் தாங்கவில்லை. உள்ளூர்ச் சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், வாசனைச் சரக்கு ஆகியவற்றைக் கலந்து குடிக்கப் பழகினார்கள். 1670-களில் இந்தியாவில் சுற்றிய மருத்துவர் ஜான் ஃப்ரையர், ஐந்து பொருள் சேர்வதால் ‘பஞ்ச’ என்ற இந்தியச் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்ததாக எழுதினார். பீப்பாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்று மறுப்பவர்களும் உண்டு. பெயரில் வழக்கு இருக்கலாம். பானம் இந்தியாவிலிருந்து கப்பலேறியது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை.

இப்போது நம் வீட்டுப் பானகத்தை எண்ணிப் பாருங்கள். தண்ணீர், வெல்லம், எலுமிச்சை அல்லது புளி, சுக்கு, ஏலக்காய். இதுவும் ஐந்துதான். ராமநவமிக்குப் பெருமாள் கோயில் பிராகாரத்திலும், சித்திரை வெயிலில் சாமி ஊர்வலம் வரும் தெருமுனைகளிலும் அண்டா அண்டாவாகக் கரைத்து ஊற்றியது இதைத்தான். தீமிதி பார்க்க வந்த கூட்டத்துக்கும், திரௌபதி அம்மன் கோயில் வாசலில் விடிய விடியப் பாரதக் கூத்துக் கேட்டுக் கண்சிவந்தவர்களுக்கும் பானகமும் நீர்மோரும் ஊற்றுவது புண்ணியம் என்று நம் முன்னோர் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் அவர்கள் கிண்ணத்தில் சாராயத்தைச் சேர்த்தார்கள். நம் அண்டாவில் அது இல்லாததால்தான் குழந்தையும் பாட்டியும் ஒரே வரிசையில் நின்று கை நீட்ட முடிந்தது.

கொடிமுந்திரியும் கொட்டைமுந்திரியும்

மேல்நாட்டு வீடுகளில் பழப் பஞ்சுக்கு ஒயின் ஊற்றுகிறார்கள். ஒயின் என்றால் திராட்சை. தமிழின் பழைய வழக்கில் திராட்சைக்குப் பெயர் கொடிமுந்திரி. முந்திரிகை என்றாலும் திராட்சைக்கொடிதான். மலையாளத்தில் இன்றைக்கும் முந்திரி என்றால் திராட்சையைத்தான் தருவார்கள். பின்னால் வந்த ஒரு மரம் அந்தப் பெயரை நம்மிடம் தனதாக்கிக்கொண்டது.

அந்த மரத்தின் சொந்த ஊர் பிரேசிலின் வடகிழக்குப் பகுதி. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் அதைக் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து மேற்குக் கரை வழியாகப் பரவி, வேறெதுவும் எளிதில் வளராத நம் வறண்ட செம்மண் மேட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், செந்துறை, அந்தப் பக்கம் விருத்தாசலம், பண்ருட்டி என்று இந்த மேட்டுநிலம் முழுக்கக் கால்பதித்தது. விருத்தாசலத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. வரிசையில் முந்திரி ரகங்களை வெளியிட்டது. கொட்டை உடைத்துப் பருப்பெடுக்கும் வேலை பல குடும்பங்களின் சோறானது. தோட்டின் எண்ணெய் பட்டுப் பெண்களின் விரல்கள் கறுத்தன, வெந்தன. கொட்டைக்காக இந்த மண் கொடுத்த உழைப்பு அத்தனை. பழத்தை மட்டும் நாம் கண்டுகொள்ளவே இல்லை.

மற்றவர்கள் கண்டுகொண்டார்கள். கோவாவில் பழத்தை மிதித்துப் பிழிந்து, முதல் வடிப்பை ‘உர்ராக்’ என்றும், மேலும் வடித்ததை ‘ஃபெனி’ என்றும் குடிக்கிறார்கள். ஃபெனிக்கு 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிழிந்த சக்கையை ஒன்றுகூட்டி மேலே கனமான கல்லை ஏற்றி, இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக இறங்கும் புளிக்காத தெளிவான சாற்றை ‘நீரோ’ என்று காலையில் குளிரக் குளிரக் குடிப்பதும் அங்கே உண்டு. போதை இல்லாதது, கோடைக்கென்றே ஆனது.

இதைவிட முக்கியமான கதை முந்திரியின் தாய்நாட்டில் இருக்கிறது. பிரேசிலின் சியாரா மாநிலத்தில் ரொடோல்ஃபோ தியோஃபிலோ என்றொரு மருந்தாளர் இருந்தார். பெரியம்மை பரவிய காலத்தில் வீடு வீடாகப் போய் மக்களுக்குத் தடுப்பூசி போட்டவர். குடியால் குடும்பங்கள் சீரழிவதைப் பார்த்த அவர், மதுவுக்கு மாற்றாக முந்திரிப்பழத்திலிருந்தே ஒரு பானத்தை உருவாக்கினார். சாற்றின் துவர்ப்பைப் பிரித்து, வடிகட்டி, பாட்டிலில் அடைத்து, பாட்டிலோடு வெந்நீரில் நெடுநேரம் வேகவைத்தார். பழத்தின் சொந்தச் சர்க்கரையே பாகேறித் தேன்நிறமாக மாறியது. அதற்குப் பெயர் ‘கஜுவினா’. பக்கத்து மாநிலமான பியாவியில் கஜுவினா தயாரிப்பை 2014-ல் அந்நாட்டின் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தார்கள். விருந்தாளி வந்தால் அங்கே முதலில் வைப்பது அதைத்தான்.

குடியை விரட்ட முந்திரிப்பழத்தை ஆயுதமாக்கிய அந்த மனிதர் நம் பகுதிக்கு எத்தனை பொருத்தமானவர்!

நுரைக்கவிட வேண்டாம்

இந்த இடத்தில் வெளிப்படையாக ஒன்று சொல்ல வேண்டும். முந்திரிச் சாற்றை மூடி வைத்தால் தானே நுரைத்துப் புளிக்கும். அதை மதுவாக்கிப் பார்க்கலாமே என்ற ஆசை சிலருக்கு வரும். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக் கொல்லையில் செய்தாலும் குற்றம்தான்.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் நம் கண்ணெதிரே இருக்கிறது. விருத்தாசலம் தாண்டிப் போனால் கள்ளக்குறிச்சி. 2024 ஜூன் மாதம் அங்கே கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஒரே தெருவில் வரிசையாகப் பாடை கட்டிய அந்தக் காட்சி நம் கண்ணைவிட்டுப் போகவில்லை. கல்யாண வீட்டுக் கொல்லைப்புறத்தில் மறைவாக ஓடும் குப்பி எத்தனை நல்ல நாட்களைச் சண்டையில் முடித்திருக்கிறது என்பது நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். அதனால் இங்கே சொல்லப்படும் பஞ்சில் மது இல்லை. பழச்சாற்றில் நுரை கட்டினாலோ, புளித்த நெடி வந்தாலோ, தயங்காமல் கீழே ஊற்றிவிடுங்கள்.

ஒயினின் நிறமும் லேசான துவர்ப்பும் வேண்டும் என்கிறவர்களுக்கு வழி இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சை ஒரு கிலோவை அரை லிட்டர் தண்ணீரில், ஒரு துண்டு பட்டை, நான்கு கிராம்பு போட்டுத் தோலோடு கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தருவது தோலும் விதையும்தான். மசித்து வடிகட்டிக் குளிரவைத்தால் கருஞ்சிவப்புச் சாறு கிடைக்கும். அதில் கால் டம்ளர் கட்டியான தேயிலை டிகாஷன் சேர்த்தால் துவர்ப்பு இன்னும் கூடும். எலுமிச்சை, ஆரஞ்சு வட்டங்கள், மாதுளை முத்துகள் போட்டுப் பரிமாறலாம்.

துவர்ப்பை வெல்லும் ஜவ்வரிசி

முந்திரிப்பழத்தை ஒருமுறை கடித்தவர்கள் மறுமுறை தயங்குவதற்குக் காரணம் தொண்டைக் கரகரப்பு. பழத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் அதைச் செய்கிறது. சிறுவயதில் என் ஆயா பழத்தை வட்டமாக அரிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் குலுக்கிக் கொடுப்பார். அந்த உப்பு கரகரப்பைப் பாதி அடக்கும். பானத்துக்கு அது போதாது.

கர்நாடகத்தின் புத்தூரில் இருக்கும் முந்திரி ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு எளிய வழி சொல்கிறது. எந்தக் கடையிலும் கிடைக்கும் ஜவ்வரிசி போதும். ஒரு லிட்டர் சாற்றுக்கு 5 கிராம் ஜவ்வரிசியைப் பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்துச் சாற்றில் கலக்க வேண்டும். துவர்ப்புப் பொருள் மாவோடு ஒட்டிக் கட்டியாகிப் பாத்திரத்தின் அடியில் படிந்துவிடும். 12 மணி நேரம் கழித்து மேலே நிற்கும் தெளிந்த சாற்றை அடி கலங்காமல் இறுத்துக்கொள்ளலாம். கலங்கல் மஞ்சளாக இருந்தது வெளிர்பொன் நிறமாக மாறியிருக்கும். வீட்டில் செய்யும்போது அந்த 12 மணி நேரமும் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். வெளியே வைத்தால் புளித்துவிடும். தெளிந்த சாற்றை அடுப்பில் ஏற்றி, ஆவி வந்து ஓரத்தில் சிறு குமிழ் கட்டும் வரை சூடாக்கி இறக்கினால் இன்னும் பாதுகாப்பு. வைட்டமின் சி கொஞ்சம் குறையும். ஆனாலும் கவலை வேண்டாம். எடைக்கு எடை ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இந்தப் பழத்தில் இருக்கிறது.

பாத்திரத்திலும் கவனம் தேவை. இரும்புப் பாத்திரத்தில் சாறு பட்டால் டானின் இரும்போடு சேர்ந்து கறுத்துவிடும். எவர்சில்வர் குண்டானோ மண்பானையோதான் சரி. சாறு துணியில் பட்டால் கறை லேசில் போகாது. பள்ளிச் சட்டையில் அந்தக் கறையோடு போய் நின்று அடிவாங்காத பிள்ளைகள் எங்கள் ஊரில் குறைவு. கொட்டையைத் திருகும்போது தோட்டிலிருந்து எண்ணெய் கசிந்து பழத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது தோலைப் பொத்துப்போகச் செய்யும். முந்திரி ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பானத்தைத் தவிர்க்க வேண்டும்.

50 பேருக்கு முந்திரிப்பழப் பஞ்ச்

தேவையானவை: அன்று காலை விழுந்த, அடிபடாத முந்திரிப்பழம் 6 கிலோ (சுமார் 3 லிட்டர் சாறு வரும்), ஜவ்வரிசி 15 கிராம், வெல்லம் 600 கிராம், எலுமிச்சை 15, சுக்கு 15 கிராம், ஏலக்காய் 20, உப்பு ஒரு டீஸ்பூன், காய்ச்சி ஆறிய தண்ணீர் மூன்றரை லிட்டர், இளம் நுங்கு 25 சுளை, புதினா ஒரு கைப்பிடி.

முதல் நாள்: பழத்தை இரண்டு தண்ணீரில் கழுவி, கொட்டையை நீக்கி, நறுக்கி, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, வெள்ளை வேட்டித் துணியில் பிழியுங்கள். ஜவ்வரிசிக் கஞ்சியைக் கலந்து, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

விசேஷ நாள்: தெளிந்த சாற்றை இறுத்து, சூடாக்கி, ஆறவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்துக் கொதிக்கவிட்டு மண் போக வடிகட்டுங்கள். தட்டிய சுக்கையும் ஏலக்காயையும் அந்தச் சூட்டிலேயே போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். வாசனை நன்றாக இறங்கும். பிறகு வடிகட்டி, சாறு, மீதித் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, உப்பு எல்லாம் சேர்த்துக் குளிரவையுங்கள். நுங்கையும் புதினாவையும் பரிமாறுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் போட வேண்டும். ஆளுக்கு 150 மில்லி வீதம் 50 பேருக்குத் தாராளமாக வரும். அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். ஐஸ் போடுவதானால் காய்ச்சிய தண்ணீரில் உறையவைத்த ஐஸாகவே இருக்கட்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு வெல்லம் கலக்கும் முன்பே தனியாகக் கொஞ்சம் எடுத்து, எலுமிச்சையும் உப்பும் மட்டும் சேர்த்து, அளவாகக் கொடுங்கள். பழத்திலேயே இனிப்பு உண்டு.

கை பழகிய பிறகு உங்கள் வீட்டு ருசிக்கு மாற்றிக்கொள்ளலாம். பண்ருட்டிப் பலாச்சுளையைப் பொடியாக அரிந்து போட்டால் அந்த மணம் பந்தலைத் தாண்டிப் போகும். ஏலக்காய்க்குப் பதில் நன்னாரி வேரைத் தட்டிப் போட்டால் குளிர்ச்சி கூடும். வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி போட்டால் நிறம் அடரும், ருசி ஆழமாகும்.

யார் தொடங்குவது?

தோப்பு வைத்திருப்பவர்களுக்குப் பழம் பொறுக்குவது கூடுதல் கூலி, கூடுதல் வேலை. வாங்க ஆளில்லாத பொருளுக்கு யார் கூலி கொடுப்பார்கள்? முடிச்சு அங்கேதான் இருக்கிறது. அதை விசேஷ வீட்டுக்காரர்கள்தான் அவிழ்க்க முடியும். சித்திரையில் கல்யாணம் வைத்திருப்பவர், தோப்புக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, பொறுக்கும் பெண்களுக்குப் பழத்துக்கென்று தனியாக ஒரு கூலி கொடுத்தால் போதும். வண்ணத் தண்ணீருக்குச் செலவழிக்கும் காசு அப்படியே தோப்புக்குப் போகும். விற்பனைக்கு என்று மகளிர் குழுக்கள் இறங்கினால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். சுத்தமும் குளிர்பதன வசதியும் வேண்டும். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் மாடக்கத்தரா முந்திரி ஆராய்ச்சி நிலையம் முந்திரிப்பழத்தில் சிரப், ஜாம் என்று பல பொருள்கள் செய்து காட்டியிருக்கிறது. கற்றுக்கொள்ள இடம் இருக்கிறது.

அதற்கெல்லாம் முன்னால், வரும் கோடையில் உங்கள் வீட்டுக் காதுகுத்துக்கோ, லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்காகவோ ஒரு குண்டான் செய்து பாருங்கள். வரதராசன்பேட்டையிலும் தென்னூரிலும் மாதா கோயில் திருவிழாவுக்கு உறவுகள் கூடும்போது ஒரு அண்டா வையுங்கள். மாரியம்மன் கோயில் தண்ணீர்ப்பந்தலில் நீர்மோருக்குப் பக்கத்தில் ஒரு பானை வையுங்கள். குடித்துப் பார்த்த குழந்தை இது என்ன பழம் என்று கேட்கும். கையைப் பிடித்துத் தோப்புக்கு அழைத்துப் போய் மரத்தைக் காட்டுங்கள்.

கொட்டையைத் திருகிவிட்டு நம் கை பழத்தை எறிந்து பழகிவிட்டது. கூடைக்குப் பக்கத்தில் இன்னொரு குண்டான் இருந்தால், அதே கை எறியாமல் அதில் போடும்.